பூனை நக்கிய குழாய்

போன மாதம் மகள் வீட்டுக் குசினியில் குழாய் ஒழுகிற்று. வேலைக்கு வந்தவர் பழைய ஈயக் குழாயை அறுத்து வீசிவிட்டு, பிளாஸ்டிக் குழாயை அளந்து வெட்டி, ஒரு டியூபைப் பிதுக்கிப் பசை பூசி, ஒரு முறுக்கு முறுக்கினார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. நான் கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரேயொரு கேள்விதான் கேட்டேன்.

“தம்பி, அந்தப் பசையில என்ன கலந்திருக்கு?”

அவர் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெரியாது ஐயா. நல்லா ஒட்டும்.”

அவர் போன கையோடு மகள் சண்டைக்கு வந்தாள். “வேலைக்கு வாற மனுசரையும் விசாரணை செய்யோணுமே அப்பா?” என்றாள். அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்பதை அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தவள், எழுதி வைக்கச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன். ஈயக் குழாய் போய்விட்டதே என்று ஒப்பாரி வைக்கப்போகிறேன் என்று யாரும் பயப்படவேண்டாம். ஈயம் நஞ்சு. அது போனது நல்லது. என் முழங்கையில் இருக்கும் தழும்புகளைக் கேட்டால் அவையும் அதையேதான் சொல்லும்.

வெள்ளைக்காரன் காலத்தில், இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னர், கிளாக்கர் வேலை தேடி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவன் நான். சோதனையில் இங்கிலீஷ் என்னைக் கவிழ்த்துவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போக வெட்கம். கொட்டாஞ்சேனையில் வீடுகளுக்குக் குழாய் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொம்பனியில், தெரிந்தவர் ஒருவர் சொல்லிச் சேர்ந்தேன். கோட்டுப் போட்டுக் கந்தோருக்குப் போகிறேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, நான் அரைக் காற்சட்டையோடு சாம்பல் நிறத்துப் பற்றாசைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பற்றாசு என்பது ஈயத்தோடு வெள்ளீயம் கலந்தது. இரண்டு குழாயை ஒன்றாகப் பிடித்து வைப்பது அதுதான்.

எங்கள் வேலையை மேற்பார்த்த ஓவசியர் சாலி நானா. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். மெலிந்த ஆள். வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. அவர் ஒருவரையும் ஏசியதில்லை, புகழ்ந்ததுமில்லை. எப்படிச் செய்வது என்று காட்டித் தந்ததும் கிடையாது. நாம் இரண்டு குழாயை இணைத்து மூட்டுப் போட்டால், அந்த இணைப்பைக் குடைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு குழாய் அறுக்கும் வாளை எடுத்து அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, எங்கள் முன்னால் வைத்துவிட்டு நடந்துவிடுவார். பிழை எங்கே என்று நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மாதத்தில் நான் போட்ட மூட்டு எத்தனையோ, அத்தனையும் அவர் வாளுக்குப் போயின. என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. என்னை அழைப்பது “யாழ்ப்பாணம்” என்றுதான்.

மூட்டுப் போடுவது பார்க்க இலகு. ஒரு குழாயின் வாயை விரித்து மற்றதன் நுனியைச் சீவி உள்ளே செருக வேண்டும். பற்றாசு ஒட்டக்கூடாத இடத்தில் கரிமை பூசி, ஒட்டவேண்டிய இடத்தைக் கத்தியால் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டும். சுரண்டிய கையோடு கொழுப்புத் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் ஈயம் கண் மூடித் திறப்பதற்குள் மங்கிவிடும், மங்கினால் பற்றாசு பிடிக்காது. அதன் பிறகு உருகிய பற்றாசை இரும்பு அகப்பையால் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றி, வழிவதை மற்றக் கையில் கொழுப்புத் தடவிய தடித்த துணியால் ஏந்தி, அது வெண்ணெய்ப் பதத்துக்கு வரும்போது சுற்றி வழித்துச் சின்னக் கத்தரிக்காய் அளவில் உருட்டி விட வேண்டும். அந்தப் பதம் நாலைந்து மூச்சு நேரம்தான் நிற்கும். முந்தினால் எல்லாம் காலில் கொட்டும். பிந்தினால் கட்டிபட்டுப் போகும். சூடு கூடினால் குழாயே உருகி விழுந்துவிடும். மூன்றையும் நான் செய்திருக்கிறேன், ஒரே நாளில்.

தேய்க்கிற கொழுப்பைச் சாலி நானாதான் கொண்டுவருவார். ஆட்டுக் கொழுப்பைத் தன் வீட்டிலேயே உருக்கி, மூங்கில் குழலில் ஊற்றி உறையவைத்து, விரல் பருமனில் வெள்ளை வெளேரென்று தருவார். பார்த்தால் மெழுகுதிரி என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடையில் சீமைக் கொழுப்பு தாராளமாகக் கிடைக்க, இவர் ஏன் இந்தப் பாடு படுகிறார் என்று நான் யோசித்ததேயில்லை.

ஆறு மாதம் முடிந்து, வேறு ஆள் இல்லாத ஒரு நாள், தனியே போய்ச் செய்யும்படி எனக்குக் கிடைத்த முதல் வேலை வெள்ளவத்தையில். சின்னத்தங்கம் அக்கா வீடு. அக்காவின் புருஷன் செத்து நாலு வருஷம். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கிளாக்கர்மார் பன்னிரண்டு பேருக்கு மூன்று வேளையும் சைவச் சாப்பாடு போட்டுச் சீவித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்தப் பன்னிரண்டு இலையிலிருந்துதான் வந்தன. வீட்டுக் கிணறு கடலுக்குக் கிட்ட, வாயில் வைக்க முடியாத உப்பு. குசினியில் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரோடு வந்த குழாயைத்தான் எல்லாவற்றுக்கும் நம்பியிருந்தார்கள். அதன் மூட்டில்தான் ஒழுக்கு.

நான் சுரண்டிவிட்டுப் பையிலிருந்து கொழுப்பை எடுத்தேன். அக்கா அரிசி களைந்தபடி கேட்டார்.

“தம்பி, அது என்ன?”

ஆட்டுக் கொழுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் சைவக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் குசினியின் ஒரு மூலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பிள்ளையார் படத்துக்குப் புதுப் பூ வைத்திருந்தது.

“மெழுகு அக்கா” என்றேன்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்குக் கிடைத்தது. முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், தயிர், அப்பளம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட அவசரத்தில், மூட்டைச் சுற்றி வழிந்திருந்த கொழுப்பைச் சுடுதுணியால் துடைக்கவும் மறந்துபோனேன். இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். மூட்டு ஒழுகவில்லை. முதல் வேலை வெற்றி என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, அக்கா கொட்டாஞ்சேனைக்கே வந்துவிட்டார். பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து, எங்கள் கொம்பனி முற்றத்துக்கு வந்து நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற அவரைக் கண்டதும் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

“தம்பி, என்ர வீட்டுப் பூனை ஒரு கிழமையா அந்தக் குழாயடியிலயே கிடக்குது. நக்கின இடத்தையே நக்குது. வைத்திலிங்கம் தம்பி அதைப் பாத்திட்டு, ‘அக்கா, பூனை மெழுகை நக்குமே?’ எண்டு கேட்டார். எனக்குப் பதில் தெரியேல்லை. நீர் சொல்லும்.”

வைத்திலிங்கம் என்பவர் அங்கே சாப்பிடுகிற கிளாக்கர்மாரில் மூத்தவர். காலையில் திருநீறு பூசாமல் தேத்தண்ணிகூடக் குடிக்காதவர். நான் தலையைக் குனிந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுபோகும் என்று நினைக்குமாம். கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான்தான், பூனை நன்றாகத் திறந்தே வைத்திருந்திருக்கிறது.

“ஆட்டுக் கொழுப்பு அக்கா” என்றேன்.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

“நீரும் சைவப் பிள்ளைதானே. அந்தத் தண்ணியிலதானே ஒரு கிழமையாச் சோறு வடிச்சனான், சாமிக்கும் வச்சனான். பொடியள் பன்னிரண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்திட்டாங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இது சரிவராட்டி வேற இடம் பாக்கப் போறாங்களாம். இப்ப ரெண்டு தெருவுக்கு அங்கால போய்த் தண்ணி சுமக்கிறன்.”

தண்ணீர் அந்தக் கொழுப்பைத் தொடுவதில்லை என்று சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையல்ல. செருகுகிற நுனியிலும் நாங்கள் கொழுப்புத் தேய்ப்போம்.

சாலி நானா குடையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அக்காவுக்கு இருக்க ஒரு வாங்கு போடச் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் என்னிடம் தொடர்ந்து நாலு வசனம் பேசியது அன்றுதான்.

“ஏன் பொய் சென்ன?”

“பயத்தில நானா.”

“கடையில விக்கிற கொழுப்ப நான் ஏன் வாங்குறல்ல, தெரியுமா ஒனக்கு? அதுல பண்டிக் கொழுப்பு ஈக்குமோ எண்ட பயம், எங்களுக்கி பண்டி ஹராம். அதுக்குத்தான் ஊட்டுல நானே உருக்குற. எனக்கி அது எப்பிடியோ, அந்தப் புள்ளைக்கி இது அப்பிடித்தான்.”

அக்கா இருந்த பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“வெள்ளிக்கிழம காலையில நானும் வாறன். கொழுப்பில்லாம மூட்டுப் போடப் பழகு. முடியாட்டி நானே கொழாய வெட்டி எடுத்து வாய மூடிட்டு வாறன். நீயும் ஊருக்குப் போயிரு, யாழ்ப்பாணம்.”

கொழுப்பில்லாமல் மூட்டா? முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன், அதற்கு வழி என்னவென்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

மூலையில் கிடந்த துண்டுக் குழாய்களை எடுத்துக்கொள்ள அனுமதி தந்தார். திங்கள் பின்னேரமே தொடங்கினேன். முதலில் தேங்காய் எண்ணெய். பற்றாசு பட்டதும் புகைந்து வழிந்து ஓடிற்று, சுரண்டிய இடம் வெறுமையாக நின்றது. நல்லெண்ணெயும் அதே கதைதான், மணம் மட்டும் நன்றாக இருந்தது. செவ்வாய் தேன்மெழுகு. பற்றாசு ஓரளவு பிடித்தது. ஆனால் துணி ஒட்டிக்கொண்டு மூட்டையே உரித்துக்கொண்டு வந்தது, கூடவே என் பெருவிரல் தோலும் வந்தது. அன்றைக்குப் போட்டது ஏழு மூட்டு. அவ்வளவையும் சாலி நானா தட்டிக் கேட்டார், பிளந்தார், வைத்துவிட்டுப் போனார்.

புதன் காலை நெய். எனக்கே நம்பிக்கை வந்தது. வழவழவென்று உருண்டு அழகாக வந்த மூட்டு. குடைப்பிடி பட்டதும் சத்தமும் சரியாகத்தான் கேட்டது. ஆனால் பிளந்து பார்த்தபோது, குழாய்க்கும் பற்றாசுக்கும் நடுவே நூல் போல ஒரு கறுத்தக் கோடு சுற்றிவர ஓடிற்று. மேலே அழகு, உள்ளே ஒட்டவேயில்லை. அப்படியே கொண்டுபோய் அக்கா வீட்டில் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் கசிந்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தபடி முற்றத்தில் குந்தியிருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது. ஊருக்குப் போவது பற்றிய அழுகை பாதிதான். மீதி, அக்கா குடத்தோடு தெருத் தெருவாக நடப்பதை நினைத்து.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கத் தெருவுக்கு இறங்கினேன். கொட்டாஞ்சேனைச் சந்தியில் வாளி செய்கிற தகரவேலைக்காரர் ஒருவர் இருந்தார், சிங்களவர். எத்தனையோ நாள் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். வாளி அடியில் பற்றாசு வைக்குமுன் சிரட்டையிலிருந்து மஞ்சள் பொடி ஒன்றைக் கிள்ளித் தூவினார். பற்றாசு நாய்க்குட்டி மாதிரி அந்தப் பொடியின் பின்னால் ஓடிற்று.

“அய்யே, அது என்ன?” என்றேன், சிங்களத்தில் அண்ணா என்று கூப்பிடுகிற மாதிரி.

“மரத்துப் பிசின் மல்லி. கப்பல்ல வாறது. வேணுமா?” என்றார். மல்லி என்றால் தம்பி.

“மிருகக் கொழுப்பு ஏதும் கலந்திருக்குதோ?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டியை எடுத்து என் கையிலேயே வைத்து உடைத்தார். கண்ணாடி போல நொறுங்கிற்று. கோயிலில் வீசுகிற மாதிரி ஒரு மணம். சிரட்டை நிறைய அள்ளித் தந்துவிட்டு அடுத்த வாளியை எடுத்தார்.

பிசின் தனியாகவும் சரிவரவில்லை. பற்றாசு நன்றாகப் பிடித்தது, ஆனால் துணியில் கோந்து போல் அப்பிற்று. பிறகுதான் மூளை வேலை செய்தது. பிடிப்பதற்குப் பிசின், வழுக்குவதற்கு நெய். பிசினைப் பொடித்து நெய்யில் உருக்கி, ஆறவைத்துக் களிம்பாக்கிக் குழாயில் பூசினேன். துணிக்கு வெறும் நெய். நெய் கூடிப்போய் இரண்டு மூட்டுக் கெட்டன. பிசின் கூடிப்போய் ஒன்று கெட்டது. வியாழன் பின்னேரம் போட்ட மூட்டைச் சாலி நானா தட்டினார், வாளை எடுத்தார், பிளந்தார். வெட்டுமுகம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே வெள்ளை. கோட்டைக் காணவில்லை. அவர் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ம்” என்றார்.

ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் “ம்” அது. அதை ஒருவரும் திருப்பி எடுக்கமுடியாது.

வெள்ளி காலை இருவரும் வெள்ளவத்தைக்குப் போனோம். அக்கா குளித்துத் திருநீறு பூசி நின்றார். வைத்திலிங்கம் அரை நாள் லீவு போட்டுக் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தார். விளக்கம் கேட்கும் கந்தோர்க்காரர் முகம். சாலி நானா பின்வாசல் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார்.

இந்தமுறை நான் முந்திக்கொண்டேன். “அக்கா, உங்கட நெய்யிலதான் செய்யப்போறன். நீங்களே எடுத்துத் தாங்கோ. இது மரத்துப் பிசின். மணந்து பாருங்கோ. பழைய துணியும் வேண்டாம், உங்கட துணியில ஒண்டு தாங்கோ.”

அக்கா பிசினை மூக்கருகே வைத்தார். “சாம்பிராணி மாதிரி இருக்கு” என்றார். நெய்ச் சாடியைத் திறந்து தன் கையாலேயே கரண்டியில் அள்ளித் தந்தார். துணியைக் கிழித்து மடித்தும் தந்தார்.

கொழுப்புப் பட்ட பழைய துண்டை முழுதாக அறுத்து எடுத்து முற்றத்துக்கு வெளியே போட்டேன். புதுத் துண்டு வைத்தேன். பிசினை அந்த நெய்யில் உருக்கி ஆறவைத்து, சுரண்டிய இடத்தில் பூசினேன். முற்றத்து அடுப்பில் காய்ந்த பற்றாசை அகப்பையில் அள்ளிவந்து ஊற்றத் தொடங்கினேன். முதல் ஊற்று நிலத்தில் சிந்திற்று. வைத்திலிங்கம் “ஸ்ஸ்” என்றார். இரண்டாவது நின்றது. துணியால் ஏந்தினேன், திரும்ப ஊற்றினேன், பதம் வந்தது. நாலைந்து மூச்சு. அந்த நேரத்தில் அக்காவும் இல்லை, கிளாக்கரும் இல்லை, ஊரும் இல்லை. சுற்றி வழித்துக் கையை எடுத்தேன். கத்தரிக்காய் மாதிரி உருண்டு நின்றது. ஆறியதும் தண்ணீரைத் திறந்தோம். ஒரு துளி இல்லை. அக்கா சேலைத் தலைப்பால் மூட்டைச் சுற்றித் துடைத்துப் பார்த்தார். தலைப்பு காய்ந்தே இருந்தது.

அப்போதுதான் சுவரில் சாய்ந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் பூனை வந்தது.

சாம்பல் நிறப் பூனை. வாலைத் தூக்கிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போய், மூட்டை மணந்து பார்த்துவிட்டு, ஒருவித அவசரமும் இல்லாமல் நக்கத் தொடங்கிற்று. நெய்யை எந்தப் பூனைதான் விடும்? இந்தச் சின்ன விஷயம் நாலு நாளில் என் மண்டையில் ஏறவேயில்லை. வைத்திலிங்கம் கதிரையை விட்டு எழும்பினார்.

“அக்கா, பாத்தீங்களே! திரும்பவும் நக்குது!”

ஒருதரம் பொய் சொன்னவன் இப்போது என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? சாலி நானா படியில் நின்று என்னைப் பார்த்தார். அக்கா பூனையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“அது என்ர நெய், தம்பி. என்ர சாடியில நான் அள்ளிக் குடுத்தனான். அவர் பூசேக்க பக்கத்தில நிண்டு பாத்தனான். நக்கட்டும், கன நாளா அதுக்கும் நெய் காட்டேல்லை.”

சொல்லிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் பிடித்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்தார். செம்பைக் கழுவித் திரும்ப நிரப்பி வைத்திலிங்கத்திடம் நீட்டினார். அவர் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். குடித்தார். “எனக்கென்ன அக்கா, பொடியளுக்காகத்தான் கேட்டனான்” என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரிப்போடு கண்ணீரும் வந்தது, பிசின் புகை என்று சமாளித்தேன். அதையும் ஒரு பொய்யாகக் கணக்கெடுக்கவேண்டாம்.

“வாங்கோ ஐயா, ஏன் வெளியில நிக்கிறியள்?” என்று அக்கா சாலி நானாவைக் கூப்பிட்டார். அவர் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து, குடைப்பிடியால் மூட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். காது கொடுத்தார். வாள் பையில்தான் இருந்தது. அவர் கை அந்தப் பக்கம் போகவில்லை. தனக்கும் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று குடையை விரித்துக்கொண்டு போனார். பன்னிரண்டு பேரும் அன்று மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டார்கள். பதின்மூன்றாவது இலை எனக்கு. அதே முருங்கைக்காய்க் குழம்புதான். இந்தமுறை உப்புப் புளி எல்லாம் நாக்கில் தெரிந்தது.

இரண்டு கிழமை கழித்து அக்கா ஆள் அனுப்பினார். போனேன். அவர் வீட்டுக் குழாய்க்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் ஒழுக்காம். என்னைக் கையோடு அங்கே கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டு அம்மா என்னையும் என் பையையும் மேலுங் கீழும் பார்த்தார். குசினிக் கதை தெருவெல்லாம் பரவித்தானே இருக்கும்.

“நம்பி உள்ள விடலாமே சின்னத்தங்கம்?”

அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“பயப்பிடாமல் விடுங்கோ. இந்தத் தம்பி பொய் சொல்லமாட்டார்” என்றார்.